கரண்ட் போய் வந்ததிலிருந்து கடைக் கம்ப்யூட்டர் ரிமோட்டில் வர மாட்டேன் என்கிறது, உதவி தேவை

வாக்குவாவாசி எழுதியது:

வணக்கம். மொரிஷியஸில், போர்ட் லூயியில் மாமாவுக்கு ஒரு ஜவுளிக் கடை. பில், ஸ்டாக், கணக்கு எல்லாமே கடையில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில்தான். நான் வாக்குவாவில் வீட்டில் இருந்தபடியே ராத்திரி ஒரு மணி நேரம் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து அன்றைய கணக்கை முடித்து வைப்பேன். எட்டு மாதமாக ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை.

இந்த வாரம் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனதும் எல்லாரும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்று இரவு நகரத்தில் கரண்ட் போயிருக்கிறது, மறுநாள் மதியம் வந்திருக்கிறது. அதிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை. ரிமோட் வசதி அனுமதிக்கப்படவில்லை, அல்லது கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது, அல்லது நெட்வொர்க்கில் இல்லை என்று மூன்று காரணத்தையும் ஒன்றாகச் சொல்கிற அந்தப் பெட்டிதான் வருகிறது. மூன்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்ப்யூட்டர் அணைந்திருக்க வாய்ப்பில்லை. 2024 ஜனவரி 15 பெலால் புயல் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிறகு சிபியுவைத் தரையிலிருந்து எடுத்து, துணி அடுக்குக்குப் பக்கத்தில் உயரமான பலகையில் வைத்துவிட்டோம், அதனால் நனைந்திருக்காது. கரண்ட் வந்தால் தானாகவே ஆன் ஆகும்படி பயாஸிலும் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற அடிப்படை அமைப்பு) மாற்றி வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது, ஷட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு விளக்கு எரிகிறது, விசிறிச் சத்தம் கேட்கிறது என்றார்.

கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 ப்ரோ. ரவுட்டரில் எந்த போர்ட்டும், அதாவது வெளியே இருந்து நுழைகிற எண் போட்ட வாசல் எதையும், திறக்கவில்லை, இரண்டு கம்ப்யூட்டரையும் தனிப் பாதையில் இணைக்கிற டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை இரண்டு பக்கமும் போட்டு அது தருகிற நூறில் தொடங்கும் முகவரிக்குத்தான் இணைப்பேன். நான் இதுவரை செய்தது: என் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், என் பக்கத்து டெயில்ஸ்கேலை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், என் ஃபயர்வாலை முழுக்க அணைத்துப் பார்த்தேன். எதற்கும் பலன் இல்லை. விண்டோஸ் அப்டேட் ஏதாவது வந்து ரிமோட்டை அணைத்துவிட்டதோ என்று சந்தேகம்.

மாமா ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் போயிருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவார். என் வீட்டு வாசலில் மரம் விழுந்து கிடக்கிறது, வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. மாதக் கடைசிக்குள் வாட் கணக்கு அனுப்பியாக வேண்டும், கணக்கு முழுக்க அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

டர்பன்காரன் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்யுங்கள். வெளியே போகிற இணைப்பை அது தடுப்பதில்லை, அதை அணைத்து வைத்து ஒரு லாபமும் கிடையாது.

அந்தப் பெட்டி சொல்கிற மூன்று காரணத்தில் எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட் நெட்கனெக்‌ஷன் கட்டளையில் கடை முகவரியையும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். பிங்குக்கு, அதாவது இருக்கிறாயா என்று தட்டிப் பார்ப்பதற்கு, மறுமொழி வந்து போர்ட் மட்டும் தோல்வி என்று வந்தால், அந்தக் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்ச் சேர்கிறீர்கள், அங்கே ரிமோட் டெஸ்க்டாப் சேவை ஓடவில்லை அல்லது அந்தப் பக்கத்து ஃபயர்வால் போர்ட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே பதில் இல்லாமல் நேரம் கடந்து போனால், பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரையே நீங்கள் தொடவில்லை, அப்போது ரிமோட் டெஸ்க்டாப்பைத் திட்டிப் பயன் இல்லை, வழியில்தான் கோளாறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீணாக்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது, டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, கடைக் கம்ப்யூட்டருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இணைந்திருக்கிறது என்று பச்சைப் புள்ளி இருக்கிறதா, கடைசியாகப் பார்த்த நேரம் என்று ஏதாவது தேதி இருக்கிறதா?

இன்னொன்று. 2023இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்களுக்கு ஏறக்குறைய எல்லா நாளும் சுழற்சி முறையில் மின்வெட்டு. அப்போது அடிக்கடி பார்த்தது, கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழ அதைவிட அதிக நேரம் எடுக்கும், சில நேரம் ரவுட்டர் பாதியில் தொங்கிப்போய் நிற்கும். கம்ப்யூட்டர் விளக்கு எரிகிறது என்றால் இன்டர்நெட் வந்துவிட்டது என்று ஆகாது. அக்காவிடம் ரவுட்டர் விளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் மானிட்டரைப் போட்டு, திரையில் என்ன தெரிகிறது என்பதையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

வாக்குவாவாசி எழுதியது:

நன்றி அண்ணே, ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டேன்.

பிங் போகவில்லை, போர்ட்டும் போகவில்லை. நிர்வாகப் பக்கத்தில் கடைக் கம்ப்யூட்டர் சாம்பல் நிறமாக இருக்கிறது, கடைசியாகப் பார்த்தது என்று கரண்ட் போன ராத்திரி நேரம் காட்டுகிறது. கரண்ட் வந்த பிறகு அது ஒரு முறைகூடத் தலைகாட்டவில்லை.

அக்கா திரும்பப் போய்ப் பார்த்தார். ரவுட்டரில் எல்லா விளக்கும் எப்போதும் போல எரிகிறதாம், அவர் போனில் கடை வைஃபை பிடித்து வாட்ஸ்அப் படமே அனுப்பிவிட்டார், அதனால் இன்டர்நெட் இருக்கிறது. மானிட்டரில் ஒரு மலைப் படம், அதன் மேல் மணியும் தேதியும், கீழே மூலையில் நெட்வொர்க் குறி. மணி சரியாக ஓடுகிறது. வேறு எச்சரிக்கை எதுவும் இல்லை. இன்டர்நெட்டும் இருக்கிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது, ஆனாலும் டெயில்ஸ்கேலில் வரவில்லை என்றால் அந்த மென்பொருளே கெட்டுப்போய்விட்டதா?

சேன்தெனி_கடலோரம் எழுதியது:

தம்பி, மென்பொருள் கெடவில்லை. அக்கா பார்த்த அந்த மலைப் படத்தில்தான் உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது.

அது லாகின் செய்யாத திரை. கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் எழுந்தது, விண்டோஸ் வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே யாரும் நுழையவில்லை. விண்டோஸில் டெயில்ஸ்கேல் இயல்பாகவே யாராவது ஒரு பயனர் லாகின் செய்த பிறகுதான் இணையும். கம்ப்யூட்டர் ஓடுவது மட்டும் அதற்குப் போதாது. ரிமோட் டெஸ்க்டாப் சேவை யாரும் நுழையாவிட்டாலும் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதை எட்டுவதற்கு நீங்கள் வைத்திருக்கிற ஒரே பாதை டெயில்ஸ்கேல், அந்தப் பாதை திறக்கவே இல்லை.

எட்டு மாதமாக ஏன் வந்தது என்று கேட்பீர்கள். உங்கள் மாமா தினமும் காலையில் வந்து பாஸ்வேர்டு போட்டு நுழைந்திருப்பார். சாயங்காலம் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார், அணைத்திருக்க மாட்டார். பூட்டினால் லாகின் அப்படியே உயிரோடு இருக்கும், டெயில்ஸ்கேலும் இருக்கும், ராத்திரி நீங்கள் நுழைவீர்கள். நடுவில் அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆகியிருந்தாலும், காலையில் மாமா வந்து நுழைந்ததும் சரியாகிவிடும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பூட்டிய திரையும் நுழையாத திரையும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் நேரில் நிற்கிறவருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தத் தடவை ரீஸ்டார்ட் ஆனது, மாமா ஊரில் இல்லை, அவ்வளவுதான் நடந்தது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அதே பெலால் எனக்கும் இதைச் செய்தது. இங்கே உங்கள் பக்கத்துத் தீவான ரெயூனியோனில் ஊதா எச்சரிக்கை கொடுத்து யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று தெரியும், வீட்டிலிருந்து தொட முடியாது. சம்பளப் பட்டியல் உள்ளே. பிறகு போய்ப் பார்த்தால் இதே திரை, இதே மலைப் படம் மாதிரி ஒரு படம்.

இப்போது செய்ய வேண்டியது. அக்காவை ஒரே ஒரு முறை பாஸ்வேர்டு போட்டு நுழையச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிர்வாகப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் வேறு எதையும் தொடாமல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டெயில்ஸ்கேல் குறியை வலது கிளிக் செய்து, ப்ரெஃபரன்ஸஸ் என்பதற்குள் போய், ரன் அன்அட்டெண்டட் என்பதை டிக் செய்யுங்கள். ஆள் இல்லாமலும் ஓடு என்று சொல்வதுதான் அது. அதன் பிறகு யாரும் நுழையாவிட்டாலும் விண்டோஸ் எழுந்ததுமே டெயில்ஸ்கேல் இணைந்துவிடும்.

அக்கா பாஸ்வேர்டு போடும்போது பெட்டியின் ஓரத்தில் இருக்கிற கண் குறியை அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், என்ன விழுகிறது என்று தெரியும். போனில் சொல்லிப் போடவைக்கும்போது இது இல்லாமல் சரிவராது. வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அக்கா நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கும் அந்தப் பாரம் வேண்டாம்.

ரங்கூன்_தமிழன் எழுதியது:

வணக்கம். இங்கே யாங்கோனில் கரண்ட் ஒரு நாளில் பல தடவை போய் வரும், அதனால் ரீஸ்டார்ட் பிரச்சினை எங்களுக்கு அன்றாடம். இதற்கெல்லாம் ஆட்டோ லாகின் வைத்துவிட்டால் போதுமே? கம்ப்யூட்டர் எழுந்ததும் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப்புக்குப் போய்விடும், டெயில்ஸ்கேலும் தானாக வந்துவிடும்.

அப்படியே என் கேள்வி ஒன்று. நான் விண்டோஸ் இல்லாமல் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வைத்திருக்கிறேன், ஆட்டோ லாகின்தான். செட்டிங்ஸில் இருக்கிற ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் நன்றாக வேலை செய்கிறது. கரண்ட் போய் வந்தால் அவ்வளவுதான், வெளியே இருந்து எத்தனை தடவை சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் டெஸ்க்டாப் திறந்துதான் இருக்கிறது, நடுவில் ஒரு பெட்டி வந்து கீரிங் திறக்கப்படவில்லை, பாஸ்வேர்டு கொடு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. கொடுத்தால் அந்த நொடியிலிருந்து ரிமோட் சரியாகிவிடுகிறது. ஆறு மாதமாக இதோடு போராடுகிறேன்.

டர்பன்காரன் எழுதியது:

சேன்தெனி அக்கா சொன்னதுதான் சரி, நான் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டபோது மனதில் இருந்ததும் அதுதான்.

ரங்கூன் நண்பரே, ஆட்டோ லாகின் கடைக்கு ஆகாது. வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் இருந்தால் உங்கள் விருப்பம். கடையில் யார் வேண்டுமானாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள், கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிச் சொருகினால் வாட் கணக்கு வரைக்கும் திறந்து கிடக்கும். ஒரு டிக் போட்டால் தீருகிற விஷயத்துக்குக் கதவையே கழற்றி வைக்க வேண்டாம்.

உங்கள் உபுண்டு பிரச்சினைக்கும் காரணம் அந்த ஆட்டோ லாகின்தான். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு நீங்கள் வைத்த பாஸ்வேர்டை உபுண்டு லாகின் கீரிங் என்ற பெட்டகத்துக்குள் பூட்டி வைக்கிறது. கையால் பாஸ்வேர்டு போட்டு நுழையும்போது அதே பாஸ்வேர்டால் அந்தப் பெட்டகமும் திறந்துகொள்ளும். ஆட்டோ லாகினில் யாரும் பாஸ்வேர்டு போடவில்லை, எனவே பெட்டகம் பூட்டியே கிடக்கிறது, வெளியே இருந்து நீங்கள் சொல்கிற பாஸ்வேர்டை ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே இருப்பதை எடுக்க முடியாமல் ரிமோட் சேவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு வழி இருக்கிறது. பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் என்ற செயலியைத் திறந்து, லாகின் என்ற கீரிங்கை வலது கிளிக் செய்து பாஸ்வேர்டு மாற்றுவதற்குப் போய், புதியது கேட்கும்போது வெறுமையாக விட்டுவிடுங்கள். இனி அது பூட்டாது. ஆனால் உள்ளே இருக்கிற எல்லா ரகசியமும் டிஸ்கில் மறைப்பு இல்லாமல் கிடக்கும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைக் காக்கிற சாவியும் அங்கேதான் இருக்கலாம், யோசித்துச் செய்யுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04க்கு மாறுங்கள். அதில் டெஸ்க்டாப் ஷேரிங் வேறு, ரிமோட் லாகின் வேறு என்று பிரித்திருக்கிறார்கள். ரிமோட் லாகின் என்பது கணினி மட்டத்திலேயே ஓடுகிறது, யாரும் நுழையாதபோதும் வெளியே இருந்து லாகின் திரையே உங்களுக்கு வரும். அதை வைத்துக்கொண்டு ஆட்டோ லாகினை எடுத்துவிடலாம். இரண்டையும் ஆன் செய்தால் போர்ட் எண்ணைக் கவனியுங்கள், 3389ஐ ரிமோட் லாகின் எடுத்துக்கொள்ளும், ஷேரிங் 3390க்குத் தள்ளிப்போகும்.

ரங்கூன்_தமிழன் எழுதியது:

கீரிங்கை வெறுமையாக்கி, வயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன் அண்ணே. பெட்டி வரவில்லை, போனிலிருந்து முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டேன். இந்த வாரக் கடைசியில் 24.04 போட்டுவிட்டு ஆட்டோ லாகினை எடுத்துவிடுகிறேன். ஆறு மாதப் பிரச்சினை தீர்ந்தது, ரொம்ப நன்றி.

வாக்குவாவாசி எழுதியது:

உள்ளே நுழைந்துவிட்டேன்! சேன்தெனி அக்கா, டர்பன் அண்ணே, இரண்டு பேருக்கும் கோடி நன்றி.

நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். அக்கா கடையைத் திறந்து போனை ஸ்பீக்கரில் வைத்தார், நான் கிரியோலில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தவறு என்று வந்தது. இன்னும் நிதானமாகச் சொன்னேன், மறுபடியும் தவறு. எனக்கு வயிற்றைக் கலக்கியது, பாஸ்வேர்டையே மாமா மாற்றிவிட்டாரோ என்று நினைத்தேன். அப்போதுதான் கண் குறி ஞாபகம் வந்தது. அழுத்தச் சொன்னேன். எழுத்துகள் எல்லாம் சரி, கடைசியில் வர வேண்டிய நாலு எண்களுக்குப் பதிலாக மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள் நிற்கின்றன என்று அக்கா சொன்னார்.

அந்தக் கம்ப்யூட்டர் மாமாவின் உறவுக்காரர் ஒருவர் ரெயூனியோனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, கீபோர்டு பிரெஞ்சு வகை. அதில் மேல் வரிசையில் எண் விழ ஷிஃப்டை அழுத்த வேண்டும். ஓரத்தில் தனி எண் பலகையும் கிடையாது. நான் எட்டு மாதமாக என் லேப்டாப் கீபோர்டிலிருந்தே போட்டுப் பழகியதால் இது எனக்குத் தோன்றவே இல்லை. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு நாலு எண்ணையும் போடுங்கள் என்றேன், டெஸ்க்டாப் வந்துவிட்டது. நான் நிர்வாகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சாம்பல் புள்ளி பச்சையானது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான் இணைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொண்டது, அக்கா பதறிப்போய் நான் எதையும் தொடவில்லை என்றார். விண்டோஸ் 11இல் ஒரு நேரத்தில் ஒருவர்தான், நான் உள்ளே வந்தால் அங்கே பூட்டிவிடும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். ரன் அன்அட்டெண்டட் டிக் செய்துவிட்டேன், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். கணக்குக் கோப்பு முழுசாக இருக்கிறது.

டர்பன்காரன் எழுதியது:

சந்தோஷம் தம்பி. இன்னும் இரண்டு விஷயம், இதுவும் உங்களை ஒரு நாள் இதேபோல வெளியே நிறுத்தும்.

டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் சாவிக்கும் காலாவதி உண்டு, இயல்பாக 180 நாள். அது முடிந்தால் மறுபடி கணக்கில் நுழைந்து உறுதிப்படுத்தும் வரை இணைப்பு இருக்காது. நீங்கள் எட்டு மாதம் என்கிறீர்கள், நடுவில் ஒரு தடவை மாமா எதையோ கிளிக் செய்து நுழைந்திருப்பார். நிர்வாகப் பக்கத்தில் கடைக் கம்ப்யூட்டருக்கு நேரே இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தி, கீ எக்ஸ்பைரியை டிசேபிள் செய்துவிடுங்கள். அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் போதும், உங்கள் லேப்டாப் தொலைந்துபோகக் கூடிய பொருள், அதற்குக் காலாவதி இருக்கட்டும்.

அடுத்தது இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. இந்த மாதிரி ஒரு தடவை மாட்டிக்கொண்டவுடன் சிலர் டெயில்ஸ்கேல் வேண்டாம், ரவுட்டரில் 3389ஐ நேராகத் திறந்துவிடுகிறேன் என்று கிளம்புவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்து வைத்தால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிற நிரல்கள் வந்து முட்டிக்கொண்டே இருக்கும். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பாஸ்வேர்டே தெரியாமல் அந்த போர்ட் வழியாகப் பழைய விண்டோஸ்களுக்குள் நுழையலாம் என்ற நிலை, மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே கைவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூடத் திருத்தம் வெளியிட்டது. ஒரு கடையின் கணக்கை அந்த வாசலில் வைக்கக் கூடாது.

அப்புறம், ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். இங்கே மின்வெட்டுக் காலத்தில் நிறைய வீடுகளில் வாங்கினோம், அதிகச் செலவு இல்லை.

சேன்தெனி_கடலோரம் எழுதியது:

தம்பி, டிக் செய்தது சரி, ஆனால் சோதித்தீர்களா? மாமா வருவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய், ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டு போடாமல் அந்த மலைப் படத்தோடு அப்படியே விட்டுவிட்டு, போனில் டேட்டாவை வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே இருந்து இணைத்துப் பாருங்கள். கடை வைஃபையில் இருந்தபடி பார்த்தால் அது சோதனை ஆகாது. வீட்டிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வராமல் போனால் அக்காவை மறுபடியும் ஷட்டர் தூக்க வைக்க வேண்டியிருக்கும்.

வாக்குவாவாசி எழுதியது:

இன்று காலை மரத்தை வெட்டி எடுத்தார்கள், உடனே போர்ட் லூயி போனேன். முதலில் முறையாக ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், பிறகு ஷட் டவுன் செய்து சுவரில் ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். இரண்டு தடவையும் பாஸ்வேர்டு போடவில்லை. தெரு முனையில் நின்று போன் டேட்டாவில் பார்த்தேன், முதல் தடவை பச்சை வர ஒரு நிமிடம், இரண்டாவது தடவை ரவுட்டரும் சேர்ந்து அணைந்ததால் நாலு நிமிடம். இரண்டு தடவையும் ரிமோட் டெஸ்க்டாப் போனில் திறந்தது. கீ எக்ஸ்பைரியையும் எடுத்துவிட்டேன். கீபோர்டில் மேல் வரிசைக்கு மேலே எண்ணுக்கு ஷிஃப்ட் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். வாட் கணக்கு நேற்று ராத்திரியே அனுப்பியாகிவிட்டது.